இயேசுவே பாவம்

"இயேசுவே பாவம்னு எழுதி வச்சிருக்கியே, நீ படிச்ச பிள்ளதானா?"

சபைச் செயலாளர் கனகராஜ் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்திருந்தார், கடித்துவிடும் என்பதுபோல.

"நான் எழுதல அங்கிள். அம்மா சொன்னாங்க, நான் டைப் பண்ணேன்," என்றாள் ரூபினி.

"அர்த்தம் தெரியுதா? இயேசுதான் பாவம்னு ஆகுது! அவரு நம்ம பாவத்தச் சுமந்தவரு. அவரே பாவம் இல்ல."

"அந்தப் பாவம் இல்ல அங்கிள். ஐயோ பாவம்னு சொல்வோமே, அந்தப் பாவம்."

"சபையில அந்தப் பாவமெல்லாம் கிடையாது. இந்தப் பாவம் மட்டும்தான்."

தம்போயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சபை. ரூபினியின் அம்மா ராஜம்மா பல வருஷம் அந்த மாடியைக் கூட்டித் துடைத்தவள். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் சிலுவைப் பாடுகளைப் பற்றி ஒரு கவிதை எழுதிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு முறையும் கனகராஜ், "டைம் இல்லம்மா, அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். அவருடைய கவிதைக்கு மட்டும் எப்போதும் டைம் இருந்தது. கேட்பவர்களுக்குக் கால் மரத்துப்போகிற வரை இருந்தது.

இந்த வருஷம் ராஜம்மாவுக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சிலும் பாதி போய்விட்டது. அடுத்த பெரிய வெள்ளியைப் பார்ப்பாளா என்பதற்கு டாக்டர் பதில் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய ரூபினிக்கு அதுவே பதிலாக இருந்தது. வேலை முடிந்து வந்ததும் அம்மாவை எழுப்பி உட்கார வைத்து, கைப்பேசியோடு எதிரே அமர்ந்துகொள்வாள்.

"சொல்லும்மா. இந்தத் தடவ எவன் டைம் இல்லன்னு சொல்றான்னு பாக்குறேன்."

சில நாள் கழித்து, முக்கி முனகி வந்தது நாலே வரி.

*இயேசுவே*
*பாவம்*
*போதும்*
*எறக்கி விடு*

பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியரும் அவளை இப்படி அழவைத்ததில்லை.

இப்போது அதில் கனகராஜ் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். சண்டை வேண்டாமென்று ரூபினியே இறங்கி வந்தாள். 'ஐயோ'வைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். 'இயேசுவே, ஐயோ பாவம்' என்று சபையின் வாட்ஸாப் குழுவில் கருத்துக் கேட்டார் கனகராஜ். குளுவாங் கிளையிலிருந்து ஒருவர் உடனே, "ஆழ்ந்த இரங்கல். அடக்கம் எப்போ?" என்று அனுப்பினார்.

"பாத்தியா?" என்ற கனகராஜ் 'ஐயோ'வை நீக்கிவிட்டு, தன் கையாலேயே திருத்தி, 'இயேசுவே பாவம் இல்லை' என்று போட்டார்.

அன்று மாலை செல்வராணி ஆன்ட்டியின் குரல் பதிவு வந்தது. பாதி அழுகை. "கையிலயும் கால்லயும் ஆணி அடிச்சுத் தொங்கவிட்டிருக்காங்க, பாவம் இல்லையாம்! எந்தக் கல்நெஞ்சுக்காரி எழுதுனது?"

"ராஜம்மா," என்று பதில் போட்டார் கனகராஜ், நேர்மையாக.

விவகாரம் பாஸ்டர் சுகுமாறனிடம் போனது. அவர் நாலு வரியையும் படித்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

"பாவம் கெடக்கட்டும்மா. 'போதும், எறக்கி விடு'தான் எனக்கு இடிக்குது. பாதியில எறக்கிட்டா பலி முடியாதே. நமக்கு ஏது மீட்பு?"

"அதான் பாஸ்டர்! 'போதாது, எறக்காதே'ன்னு மாத்திட்டா உபதேசம் சரியா வந்துரும்," என்றார் கனகராஜ்.

ரூபினி எழுந்துவிட்டாள். "அடிச்சது போதாதுன்னு பெரிய வெள்ளியில நின்னு வாசிக்கப் போறீங்களா? வெக்கமா இல்ல?"

"சரி, உங்கம்மா யாரப் பாத்து எறக்கச் சொல்றாங்க? சிப்பாயப் பாத்தா?"

"நம்மளப் பாத்து அங்கிள்! மேல ஏத்தி வச்சிட்டு, கீழ நின்னு பாட்டுப் பாடுறோமே, நம்மளப் பாத்து! எங்கம்மா வாயில மிச்சம் இருக்கறது இந்த நாலு வரிதான். ஒரு எழுத்துல கை வச்சீங்க, நான் டயர் கடை வாசல்ல நின்னு மைக் போட்டு வாசிப்பேன்."

பாஸ்டர் கையைத் தூக்கினார். "மாத்த வேணாம். ஆனா ராஜம்மா நேர்ல வரணும். அவங்க முகத்தப் பாத்தா யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க. மும்மணி தியானத்துல கடைசியா வச்சுக்கலாம்."

ஜெயித்துவிட்டாள் ரூபினி.

பெரிய வெள்ளியன்று நண்பகலுக்கு முன்பே ராஜம்மாவைச் சக்கர நாற்காலியோடு நாலு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். எல்லாருக்கும் தெரியட்டுமென்று சிலுவைக்கு நேர் கீழே, சபையைப் பார்த்து வைத்தார்கள். அவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். ரூபினி தன் துப்பட்டாவை எடுத்து அம்மாவை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள்.

கீழே டயர் கடையில் போல்ட் கழற்றும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பிரசங்கம், ஒரு பாட்டு, இன்னொரு பிரசங்கம். பிறகு கனகராஜ் தன் கவிதையோடு எழுந்தார். ஏழு பாகம். மூன்றாம் பாகத்திலேயே ராஜம்மா, "போதும்..." என்றாள்.

ரூபினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொறும்மா. உன் முறை வரும்."

வந்தது. மணி மூன்றை நெருங்கும்போது ரூபினி நாலு வரியையும் வாசித்தாள்.  அவள் முடித்ததும் ராஜம்மாவே வாயைத் திறந்தாள்.

"இயேசுவே... பாவம்... போதும்... எறக்கி விடு..."

"ஆமென்!" என்று வெடித்து அழுதாள் செல்வராணி ஆன்ட்டி. சபையே எழுந்து நின்றது.

ராஜம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. இன்னும் சத்தமாக, "எறக்கி விடு!" என்றாள்.

"ஆமென்!"

கனகராஜ் முழங்காலில் விழுந்தார். "மன்னிச்சிருங்கம்மா, நான் எழுதுனதெல்லாம் கவிதையே இல்ல!"

"இன்னொரு தரம் சொல்லுங்கம்மா!" என்றார் பாஸ்டர். கீபோர்ட் மெல்லச் சேர்ந்துகொண்டது. பாடகர் குழு அதற்குள் 'எறக்கி விடு'வுக்கு ராகம் பிடித்துவிட்டது. ராஜம்மா கத்தக் கத்தச் சபை பாடியது. ரூபினி எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தாள். ஒரு வழியாக அம்மாவின் குரலை இந்தச் சபை கேட்டுவிட்டது.

பக்கத்து வீட்டு பரக்கத் நிஷா, பகலில் ராஜம்மாவைப் பார்த்துக்கொள்பவள், அவர்களைக் காரில் அழைத்துப்போக வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தாள். பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே முன்னால் வந்து, குனிந்து, துப்பட்டாவின் முடிச்சை அவிழ்த்தாள்.

"ஆமென் அப்புறம் சொல்லலாம்லா ரூபினி, முதுகுப் புண்ணு அழுத்துனா வீட்டுலயும் தினம் இதையேதான் சொல்வாங்க, நாற்காலிய விட்டு எறக்கிப் படுக்க வச்சாத்தான் நிப்பாட்டுவாங்க."