இளைத்துப்போன மாமியார்

குன்னூரில் பனி விலகும் முன்பே துலாச் சித்தர் வாசலில் வரிசை கட்டிவிட்டது. பிக்கட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள், கூடலூரிலிருந்து முந்தின நாளே வந்து லாட்ஜில் படுத்தவர்கள், எஸ்டேட்டுக்கு லீவு போட்டவர்கள். பாதிப்பேருக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். துலாச் சித்தர் மந்திரம் சொன்னால் ஐந்து கிலோ இறங்கும். தராசிலேயே இறங்கும். பட்டினி வேண்டாம், நடை வேண்டாம். காணிக்கை மட்டும் வேண்டும்.

சித்தர் யாரையும் தொடமாட்டார். தொட்டால் சக்தி போய்விடுமாம். நிறுப்பது சீடன் சங்கிலி. ஏதோ மூடிப்போன ஃபேக்டரியின் பழைய தராசு. மேலே சிவப்புக் கம்பளம்.

வர்க்கி பிஸ்கட் கடை செல்லதுரை நாலு வாரத்தில் இருபது கிலோ இறக்கியிருந்தார். சித்தர் கணக்கில். போன ஞாயிறு மாதா கோயிலில் முழங்கால் போட்டபோது அவர் பேண்ட் பட்டன் தெறித்து முன் பெஞ்சில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவர் மனைவி மெட்டில்டாவைத் தவிர.

டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. “கல்யாணத்துக்கு அப்புறம் ஏறின உடம்புக்கும் சேர்த்து ரத்தம் அனுப்பறது அதே பழைய இருதயம்தாம்மா. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை ரெண்டும் சேர்ந்து வந்திருக்கு. எடையைக் குறைக்கணும். மாத்திரையை நிறுத்தக் கூடாது.”

செல்லதுரை நிறுத்திவிட்டார். மாத்திரையும் பாரம்தான் என்று சித்தர் சொல்லியிருந்தார்.

“ஏனுங்க, இருபது கிலோ போயிருந்தா ஒவ்வொரு வாரமும் அதே நூத்தி ரெண்டுல இருந்து எப்படிங்க ஆரம்பிக்கும்?”

“அது ஊர்க்கண்ணு, மெட்டில்டா. இறங்க இறங்க ஏறுது.” ஏழாவது வர்க்கியை டீயில் நனைத்தார். இறக்கிவிட ஆள் இருக்கும்போது தின்பதற்கு என்ன பயம்?

அன்று ராத்திரி அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவினார். மெட்டில்டா விழித்தேதான் கிடந்தாள்.

அடுத்த வாரம் வரிசையில் ஒரு நாற்காலி வந்தது. கடை ஆட்கள் இருவர் தூக்கி வந்தார்கள். கழுத்துவரை கம்பளி, குரங்குக் குல்லா, முகம் மூடி மப்ளர். குன்னூர்க் குளிரில் அப்படி வந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

“எங்க மாமியாருங்க சாமி. பேச்சில்லை, நடையில்லை. பனி பட்டா இருமுவாங்க, முகத்தைத் திறக்க வேண்டாமுங்க” என்றாள் மெட்டில்டா.

முன்னால் நின்ற செல்லதுரை வாயைத் திறந்தார். அவர் அம்மா செத்து ஆறு வருஷம். மெட்டில்டா அவர் காலை மிதித்தாள். வாய் மூடியது.

மாமியாரைத் தராசில் உட்கார்த்தினார்கள். சங்கிலி முள்ளைப் பார்த்தான். “அம்பத்தேழு.”

சித்தர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. சங்கிலி பின்னால் நகர்ந்து போய் மணியடித்துவிட்டு வந்தான். “அம்பத்திரண்டு.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“இந்தத் தாய்க்கு நெஞ்சடைப்பு இருந்தது” என்றார் சித்தர். “இனிப்பு ஆசை. இப்போ இருதயம் பஞ்சு. நாளைக்கு நடப்பாங்க.”

“அப்படீங்களா சாமி? நடந்தா எனக்குத்தான் பயமா இருக்கும்.”

மெட்டில்டா மப்ளரை உருவினாள், குல்லாவைக் கழற்றினாள். கழுத்துக்கு மேலே நல்ல முற்றின முட்டைகோஸ். கம்பளிக்குள் ஐம்பது கிலோ மைதா மூட்டை.

“கடைத் தராசுல காலையில போட்டேனுங்க. கோஸ், கம்பளியெல்லாம் சேர்த்து அம்பத்திரண்டு. முதல்ல அஞ்சு கிலோ ஏத்தினது யாரு?”

அவளே கம்பளத்தின் நுனியைத் தூக்கினாள். தட்டிலிருந்து ஒரு பலகை பின்பக்கம் நீண்டிருந்தது. சங்கிலி நிற்கிற இடம். முதலில் அதன்மேல் ஒரு கால் ஊன்றுவான். மணியடிக்கப் போகும்போது கால் கூடவே போகும்.

“தள்ளி நில்லு தம்பி. ஏனுங்க, நீங்க ஏறுங்க.”

செல்லதுரை ஏறினார். தொண்ணூற்றேழு.

“சாமி, இப்போ மந்திரம் சொல்லுங்க.”

சித்தர் சொன்னார். கூட்டம் அப்படி நெருங்கி நின்றது. இருந்த மந்திரமெல்லாம் சொன்னார். தொண்ணூற்றேழு.

“இது சந்தேகப் பிராணி வந்த இடம்...” என்று அவர் தொடங்கினார்.

“மைதாவுக்கே நெஞ்சடைப்பு கண்ட ஆளு நீ” என்றார் பிக்கட்டிக்காரர் ஒருவர். அப்புறம் சித்தர் வேட்டியை மடித்துக்கொண்டு இறக்கத்தில் ஓடினார். சங்கிலி பின்னாலேயே. இருவருக்கும் மூச்சு வாங்கியது.

“அப்போ என்னோட இருபது கிலோ?” என்றார் செல்லதுரை, சின்னக் குரலில்.

“எங்கேயும் போகலீங்க. உங்க மேலதான் இருக்குது. மாத்திரை பையில இருக்கு. வாங்க, ஊட்டுக்கு நடந்தே போலாம். ராத்திரிக்கு மாமியாரைப் பொரியல் பண்ணித் தரேன்.”

அவர் நடந்தார். நாலு இடத்தில் நின்றார். அவளும் நின்றாள்.

வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் கூடலூரில் வேறொரு சித்தர் இருப்பதாகப் பேசிக்கொண்டே பஸ் ஏறினார்கள். போகட்டும். தராசில் ஏறும் முன் குல்லாவைக் கழற்றி ஒரு தரம் உங்கள் தலையைத் தொட்டுப் பாருங்கள், ஐயா. உள்ளே இருப்பது கோஸ் இல்லையென்றால், அதைக் கொஞ்சம் உபயோகிக்கலாம்.