தெரிவு செய்துகொண்டேயிருப்பவர்

தெரிவாளர் என்று ஓர் இனம் இருக்கிறது. அவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணிக் கேவலப்படுத்திவிடாதீர்கள். சோம்பேறி பாயைக் கண்டால் சாய்ந்துவிடுவான்; தெரிவாளருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வீடு கட்ட நினைத்தால் பத்து வருடம் சீமெந்து வகைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார். படம் பிடிக்க ஆசைப்பட்டால் கமராக்களைப் பற்றிக் கதைத்துக் கதைத்தே பொழுது போய், பிள்ளைகளுக்கு மீசை முளைத்துவிடும். அவர்கள் சின்ன வயதில் எப்படி இருந்தார்கள் என்று காட்ட வீட்டில் ஒரு படம் இருக்காது. காரியத்துக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கருவி நிற்கும். அது இன்னும் சரியாக அமையவில்லை. அமைந்ததும் தொடங்கிவிடுவார்.

அமையாது.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் 1998ஆம் ஆண்டு இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதுக்கு வரவேண்டும். முத்தலிப் என்று கேட்டால் எவரும் வீட்டைக் காட்டுவார்கள். வயது முப்பத்தெட்டு. கல்முனையில் ஓர் அரச அலுவலகத்தில் இலிகிதர். சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த தம்பி ஒரு கணினியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து அவருடைய சீவியம் மாறிப்போயிற்று. அந்நாளில் அந்தத் தெருவில் வேறு கணினி கிடையாது. கணினியில் இசையமைக்கலாம் என்று எங்கோ வாசித்த அன்றைக்கே அவர் முடிவெடுத்துவிட்டார்: சொந்தமாக இசை செய்வது, அதுவும் இலவச மென்பொருளில் செய்வது.

ஏன் இலவசம்? காசு கொடுத்து வாங்கினால் அத்தோடு தெரிவு முடிந்துவிடுமே! வாங்கியவன் அதைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டியதுதான். இலவசத்தில் அந்த ஆபத்து இல்லை. கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலக் கணினிச் சஞ்சிகைகளோடு ஒட்டியிருக்கும் சீடீக்கள், அலுவலக நண்பர்கள் பிரதி எடுத்துக் கொடுத்த பிளொப்பிகள், முப்பது நாளில் உயிரை விட்டுவிடும் மாதிரிப் பிரதிகள், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் பொழுதுபோகாமல் எழுதிச் சும்மா கொடுத்தவை என்று எட்டு மாதத்தில் இருபத்தாறு மென்பொருள்கள் அந்த வீட்டுக்குள் வந்து போயின. வந்தவற்றையெல்லாம் ஒரு பெரிய சீஆர் கொப்பியில் கோடு கிழித்து எழுதி வைத்தார். வயலினுக்குப் பத்துக்கு நாலு. புல்லாங்குழலுக்கு ஆறு. மேளத்துக்கு "தகரம்".

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்தால் திரையை மெல்லிய துணியால் துடைப்பார். கதிரையை இரண்டு தரம் முன்னும் பின்னும் இழுப்பார். பிறகு புதிதாக வந்ததில் ஸ ரி க ம ப த நி என்று ஏழு சுரத்தை ஏற்றி, அதே ஏழையும் இறக்குவார். தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசிப்பார். "பரவால்ல. ஆனா..." என்பார். அந்த 'ஆனா'வோடு அன்றைய இசை முடிந்தது. எட்டு மாதமாக அந்தத் தெரு கேட்ட சங்கீதம் அவ்வளவுதான்.

அவரிடம் இசை இல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இருந்தது. மோட்டார் சைக்கிளில் போகும்போது அவர் விசிலடிக்கிற மெட்டுகள் எந்தப் படத்திலும் வராதவை. அலுவலக வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது அந்த மெட்டையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். விசில் என்ன பெரிய விசில், அதில் எத்தனை ட்ரெக், அதாவது ஒலித்தடம், இருக்கிறது?

கல்முனை பசாரில் கசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்த பாண்டிருப்புக் குணம் மட்டும் இதைக் கவனித்திருந்தார். முத்தலிப்பை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, இப்ப அடிச்ச விசில இன்னொருக்கா அடிங்க. டேப்ல எடுத்துத் தாறன்."

"விசர்க் கதை கதையாத குணம். டேப்ல ரெண்டு ட்ரெக்தான். என்ட சொப்ட்வெயார்ல பதினாறு."

"பதினாறிலயும் என்ன வெச்சிரிக்கிறீங்க?"

முத்தலிப் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். தெரிவாளர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

அவருடைய மனைவி ஸாலிஹா பெண்கள் பாடசாலை ஒன்றில் தமிழ் ஆசிரியை. அந்தப் பாடசாலைக்கு ஐம்பது வயதாகிறது, விழா எடுக்கிறார்கள், ஆனால் பாடசாலைக்கென்று ஒரு கீதம் இல்லை. ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் நாச்சியா டீச்சர் இதைச் சொல்லிக் கவலைப்பட்டபோது ஸாலிஹாவின் வாய் சும்மா இருக்கவில்லை. பாட்டை நான் எழுதுகிறேன், மெட்டை எங்கட வீட்டில் அவர் போடுவார் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடம் கூடக் குடும்பம் நடத்தியும் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு பெண்ணுக்கு இவ்வளவு நம்பிக்கை மிஞ்சியிருந்தது என்றால், அவருடைய பொறுமையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பாட்டு நாலே நாளில் எழுதி முடிந்தது. மெட்டுக்கு இரண்டு மாதம் இருந்தது.

"இஞ்சருங்க, பாட்டு என்ன மாதிரி?"

"நடக்குது."

"எவ்வளவு நடந்திரிக்கி?"

"ரெண்டு சொப்ட்வெயாரக் கழிச்சிட்டன். இன்னும் மூணுதான் மிச்சம்."

இரண்டு மாதம் ஒரு மாதமாயிற்று. ஒரு மாதம் பன்னிரண்டு நாளாயிற்று. விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு பின்னேரம் நாச்சியா டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார்.

"தம்பி, ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லிடுங்க. நான் கோவிக்க மாட்டன். ஸாலிஹா பாவம், ஸ்டாஃப் ரூமில ஆக்கள் கேக்கிற கேள்விக்கு அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு இரிக்கா."

"இன்ஷா அல்லாஹ் முடிச்சுத் தருவன் டீச்சர். சொப்ட்வெயார்தான் கொஞ்சம்..."

"அது என்ன கோதாரியோ எனக்குத் தெரியா. எனக்குப் பாட்டு வேணும்."

டீச்சர் போனார். ஸாலிஹா தலையைக் குனிந்தபடியே கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தக் குனிந்த தலைதான் முத்தலிப்பைக் குத்திற்று. கணினியின் முன்னால் போய்க் குந்தினார். அன்றைக்குப் பரீட்சையில் இருந்தது இருபத்தேழாவது மென்பொருள். அதில் ஏழு சுரத்தை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஸாலிஹாவின் முதல் வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டு விசைகளைத் தட்டினார்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் மெட்டு முடிந்துவிட்டது.

கேலியை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது நல்ல மெட்டு. தொடக்கத்தில் பிள்ளைகள் நடந்து வருவதுபோல மெதுவாக வந்து, மூன்றாவது வரியில் யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு படி ஏறி, ஏறிய இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இறங்குகிற மெட்டு. ஸாலிஹா அகப்பையோடு கதவடியில் வந்து நின்றுவிட்டார். கண் கலங்கிப்போயிருந்தது. அடுப்பில் கறி அடிப்பிடித்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! இதுதாங்க. இதுதான். கெதியா இதச் சேவ் பண்ணுங்க."

முத்தலிப் சேவ் பண்ணப் போனார். திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. இது மாதிரிப் பிரதி. சேமிக்கும் வசதி காசு கட்டிப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். இது அவருக்குத் தெரியாத சங்கதி அல்ல. அந்தக் குறைக்காக முதல்நாளே கொப்பியில் இரண்டு புள்ளி குறைத்திருந்தார்.

"அப்ப டேப் ரெக்கோடரக் கொண்டுவந்து பக்கத்தில வைக்கட்டா?"

"ஸ்பீக்கர்லரிந்து டேப்புக்கா? இரைச்சல் வரும் புள்ள! சேவ் ஆகிற பிரதி ஒண்டு கொழும்பிலரிந்து வருது. அது வரும் மட்டும் மெசின நிப்பாட்டாம வெச்சிருப்பம்."

அப்படியே வைத்திருந்தார்கள். ஆறு நாள். சுவரில் கரண்ட் ஆளிக்கு மேலே "தொட வேண்டாம்" என்று எழுதி ஒட்டப்பட்டது. பியூஸ் போய்விடும் என்று இஸ்திரிப்பெட்டிக்குத் தடை. ஸாலிஹா கசங்கிய சாரியோடு படிப்பிக்கப் போனார். அந்த அறைக்குள் பிள்ளைகள் நடமாடத் தடை. கணினி சூடேறாமல் இருக்க வீட்டிலிருந்த ஒரே மேசை மின்விசிறி அதற்கு வீசிக்கொண்டிருந்தது, மனிதர்கள் வியர்த்தார்கள். மெட்டு உள்ளே பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க முத்தலிப் வீட்டில் இருந்த நேரமெல்லாம் அதை மணிக்கொரு தரம் ஓட விட்டார். தெருவில் மீன்காரன்கூட அதை முணுமுணுத்துக்கொண்டு போனான். கரண்ட் போனால் தாங்கிப்பிடிக்கும் யூபிஎஸ் பெட்டி ஒன்றை வாங்கியிருக்கலாமே என்கிறீர்களா? வாங்கத்தான் இருந்தார். ஐந்து வகை பார்த்திருந்தார். தெரிவு முடியவில்லை.

ஏழாம் நாள், புதன்கிழமை காலை, அலுவலகத்தில் அவருடைய தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி மெதுவாகி நின்றது. கல்முனை முழுக்கக் கரண்ட் இல்லை. கையிலிருந்த அலுவலகக் கோவையை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எதற்கு வந்தார்? போன கரண்டைப் பிடித்து நிறுத்தவா? கறுத்துப்போன திரைக்கு முன்னால் கதிரையில் விழுந்தார்.

பின்னேரம் பாடசாலை விட்டு வந்த ஸாலிஹா பக்கத்தில் நின்று தோளில் கை வைத்தார்.

"மெட்டு ஒங்கட மண்டைக்குள்ளதானே இரிக்கி? வாயால பாடுங்களன்."

"அது வேற இது வேற. போயிட்டு, ஸாலிஹா. எல்லாம் போயிட்டு. ஏலாதெண்டு டீச்சர்ட்டச் சொல்லிடு."

ஸாலிஹா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "விழாக்கு நீங்க வரோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விழாவன்று முத்தலிப் கடைசி வரிசையில், தூண் மறைக்கிற இடமாகப் பார்த்துக் குந்தினார். குர்ஆன் கிறாஅத் முடிந்தது, வரவேற்புரை முடிந்தது. "இனிப் பாடசாலைக் கீதம்" என்று ஒலிபெருக்கி சொன்னபோது எழும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார். அதற்குள் வெள்ளைப் பர்தாவோடு பதினெட்டுப் பிள்ளைகள் மேடைக்கு வந்துவிட்டார்கள். பாடுகிறவர்கள் கையில் வாத்தியம் எதுவும் இல்லை. ஓரத்தில் இன்னொரு பிள்ளை றபான் என்கிற கைமேளத்தை மெதுவாகத் தட்ட, அவர்கள் பாடத் தொடங்கினார்கள்.

அவருடைய மெட்டு. ஒரு சுரம் பிசகவில்லை. வீட்டில் மணிக்கொரு தரம் கேட்டதை ஸாலிஹா மூன்றாம் நாளே காதால் பிடித்து, ஒவ்வொரு நாளும் இடைவேளையில் பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தார். மூன்றாவது வரியில் அந்தப் படி ஏறுகிற இடம் வந்தபோது பதினெட்டுக் குரலும் ஏறின, நின்றன, இறங்கின. முத்தலிப் தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். இவ்வளவு பேர் முன்னால் தன்னுடைய ஒன்று முழுசாக நிற்பதை அவர் அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டார். ஸாலிஹா திரைச்சேலைக்குப் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சியா டீச்சர் அவரை விடவில்லை. மேடைக்குக் கூப்பிட்டு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, "ரெண்டு வசனம் கதைங்க தம்பி" என்றார். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. முத்தலிப் தொண்டையைச் செருமினார். மனைவி பக்கம் ஒருதரம் திரும்பினார். ஒரு நல்ல வார்த்தை அவர் வாயருகே வந்தது என்றுதான் ஸாலிஹா கடைசிவரை நம்பினார்.

"இது சும்மா ட்ரையல்தான்" என்றார் முத்தலிப். "இதில வயலின் இல்ல, பேஸ் கிட்டார் இல்ல. நல்ல சொப்ட்வெயார் ஒண்டு அமைஞ்சா ஒழுங்காச் செஞ்சு தரலாம்."

என்ன அடக்கம் என்று மண்டபம் மறுபடியும் கைதட்டிற்று. ஸாலிஹா மட்டும் தட்டவில்லை. திரைச்சேலையை விலக்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சர்பத் கொடுக்கப் போய்விட்டார்.

அந்த ட்ரையலைத்தான் அந்தப் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் பாடுகிறார்கள். வேலைக்குப் போகும் முத்தலிப் மதிலோரமாகக் கடக்கும்போது அது காதில் விழும். வேகத்தைக் கூட்டுவார். கொழும்புப் பிரதியும் வந்து சேர்ந்தது. சேவ் ஆகிறது. ஆனா...

சிரித்தீர்களா? நல்லது. இனித் தயவுசெய்து உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். கடிதம் எழுதவென்று தாள் வாங்கிவைத்தும் நீங்கள் இன்னும் எழுதாத ஓர் ஆள் உங்களுக்கு இருக்கக்கூடும். கோடு போட்ட தாளா, போடாத தாளா என்பதில் உங்களுக்குச் சின்னதாக ஒரு யோசனை இருக்கும். நியாயமான யோசனைதான். அந்த ஆளுக்கு இப்போது என்ன வயது?