கழலாத திருகாணி

"ஆடாத அன்பு! மூக்கோட வந்துறப் போவுது!"

ஜெரோம் கையில் இருந்தது கொறடு. சிறுசேரிக் கம்பெனி ஆட்களை ஏற்றியிறக்கும் தன் வேனிலிருந்து எடுத்து வந்திருந்தான். வண்டிக்கு உதவுவது பெண்டாட்டி மூக்குக்கும் உதவும் என்பது அவன் நம்பிக்கை. அன்பரசிக்கு அந்த நம்பிக்கை துளிகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவளம் கடலில் அவளுக்கு ஞானஸ்நானம். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த நாள். பாஸ்டர் ஜோஷ்வா கறாராகச் சொல்லிவிட்டார்: "தண்ணியில எறங்குறப்ப ஒடம்புல பொட்டுத் தங்கம் இருக்கக்கூடாது. உலகத்தானுக்கும் விசுவாசிக்கும் வித்தியாசம் தெரிய வேணாமா?"

கம்மல், வளையல் எல்லாம் கழற்றியாயிற்று. பாழாய்ப்போன மூக்குத்தியின் திருகாணி மட்டும் அசையவில்லை. தேங்காயெண்ணெய் விட்டதில் ஜெரோமின் விரல்தான் வழுக்கியது. கொறடு போட்டதில் மூக்கு தக்காளியாகி, திருகாணி வீக்கத்துக்குள் புதைந்தே போனது.

"ஐஸ் வையிக்கா, வத்திரும்," என்றாள் வேலையிடத்துத் தோழி சிநேகா. வைத்தாள். வீக்கம் அப்படியே இருக்க, ஜலதோஷம் வந்தது. அந்த மூக்கை வைத்துக்கொண்டு தும்மிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

சனிக்கிழமை நகை ஆசாரியிடம் கூட்டிப் போனான் ஜெரோம். "வெட்டி எடுத்துட்டா ரெண்டு நிமிச வேலதாம்மா," என்று ஆசாரி கத்தரியைத் தூக்கியதும் அன்பரசி விருட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு?"

"அந்தாளு கையே கழுவல."

பச்சைப் பொய். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் பொய் வேறு! கல்யாணமான புதிதில், முதல் சம்பளத்தில் வாங்கி, ஜெரோமே போட்டுவிட்ட மூக்குத்தி அது. எப்படி வெட்டச் சொல்வாள்? ஆண்டவரும் வேண்டும், அதுவும் வேண்டும். தன் பேராசையை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"கழண்டா எங்கிட்ட குடு. பத்திரமா வெச்சிக்கிறேன்," என்றான் ஜெரோம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஞாயிறு காலை மூக்கில் பிளாஸ்திரியோடு போய் நின்றாள். "கொப்புளம், பாஸ்டர்."

"ஆண்டவர் சுகம் தருவார்," என்றார் அவர்.

கரையில் துண்டோடு பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா மேரி. கொரோனாவில் போட்ட மாஸ்க்கை இன்றுவரை கழற்றாதவர். தூசி அலர்ஜியாம். சபை விருந்தில்கூட உள்ளே போய்த் தனியாகத்தான் சாப்பிடுவார். அவருடைய பரிசுத்தத்தைக் கண்டாலே அன்பரசிக்குக் கொஞ்சம் உதறும்.

பாஸ்டர் அவளைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். கரையில் எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அன்பரசி மூக்கைத் தொட்டாள். பிளாஸ்திரியைக் காணோம். தேடினால், அது பாஸ்டரின் வெள்ளைச் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் பிளாஸ்திரியைப் பார்த்தார். அவள் மூக்கைப் பார்த்தார். திடீரென்று அவருக்கு இருமல் வந்தது. பிளாஸ்திரியைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, "அடுத்தவங்க வாங்க," என்றார்.

அவ்வளவுதான், சபையை விட்டுத் தள்ளிவிட்டார் என்றே நினைத்துவிட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு கரைக்கு ஓடி, மேரியம்மாவின் முன்னால் நின்று அழுதாள்.

"பொய் சொல்லிட்டேம்மா. வெட்டி எடுக்க முடியாம இல்ல, மனசு வரல. எங்க வூட்டுக்காரரு போட்டுவுட்டது..." அழுகையோடு தும்மலும் சேர்ந்துகொண்டது.

மேரியம்மா அவளை ஒரு படகுக்குப் பின்னால் இழுத்துப் போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மாஸ்க்கைக் கீழே இறக்கினார். இடது மூக்கில் குட்டியாக ஒரு சிவப்புக்கல் மூக்குத்தி.

அன்பரசிக்குத் தும்மலே நின்றுபோனது. "ஐயோ, பாஸ்டருக்குத் தெரிஞ்சா இன்னாம்மா ஆவறது?"

"கழட்டாத மேரின்னு கெஞ்சி, இந்த மாஸ்க்க வாங்கியாந்து குடுத்ததே அவருதாம்மா."