மூணுதரம் அண்ணனின் ‘வேணாம்’ நோட்டு

உலகத்தில் உள்ள அத்தனை மொழிகளிலும் ஒரே ஒரு சொல் மட்டும் தெரிந்த மனிதர் ஒருவர்தான். அவர் தேக்கடி மலைக்கு அடியில், லோயர் கேம்ப்பில் மெஸ் நடத்துகிறார். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். அந்தச் சொல் ‘வேணாம்’. மலையாளத்தில் ‘வேண்டா’ என்பார், வங்காளத்தில் ‘லாக்பே நா’ என்பார், நேபாளியில் ‘பர்தைன’ என்பார். வணக்கம், நன்றி எதுவும் எந்த மொழியிலும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்.

“வணக்கத்த எவனும் சொல்லிருவான் சார். ஒரு ஊரப் பத்தித் தெரியணும்னா அவுக வேணாம்னு எப்பிடிச் சொல்றாகன்னு பாக்கணும்” என்பார்.

நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆங்கில வாத்தியார். மூன்று வேளையும் அவர் மெஸ்ஸில்தான் கை நனைப்பேன். எங்களுக்கெல்லாம் அவர் ‘மூணுதரம்’. சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய ஆதார் அட்டைக்குத்தான் தெரியும்.

பெயர் வந்த கதை இது. நம்ம பக்கத்து ஆட்கள் சாப்பிடும்போது மூன்று தரம் வேணாம் சொல்ல வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்த சட்டம். முதல் வேணாம் மரியாதைக்கு. இரண்டாவது, பக்கத்து இலைக்காரன் பார்க்கிறானே என்பதற்கு. மூன்றாவதுதான் வயிற்றுக்கு. அதனால் மூன்று தரம் கேட்காமல் வாளியைத் தூக்கமாட்டார். ஜெயமங்கலத்திலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் என்றால் ஐந்து தரம். அதில் கடைசி இரண்டும் கோபத்துக்கு.

இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒருநாள் தேக்கடி போகும் வழியில் சாப்பிட இறங்கிய ஒரு வெள்ளைக்காரரை மடக்கிவிட்டார். அவர் ஒரு தரம் வேண்டாம் என்றார். இவர் சிரித்தார். அவர் இலையின்மேல் கையை வைத்து மறைத்தார். ஆகா, இரண்டாவது தரம் என்று இவர் கொதிக்கக் கொதிக்க ரசத்தை அந்தக் கையிலேயே ஊற்றினார். அந்த மனுஷன் போட்ட அலறலில் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த லாரியே பிரேக் போட்டது என்பார்கள். லாரி நின்றது உண்மை. எதற்கு நின்றது என்பது எனக்குத் தெரியாது.

அன்றைக்கு வாங்கியதுதான் அந்த நீள நோட்டு. எல்லைச் சாலையில் கடை, கேட்க வேண்டுமா? லாரிக்காரர், கட்டட வேலைக்கு வந்தவர், சுற்றுலா வந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. பக்கத்துக்கு ஒரு மொழி. அவர்கள் வேணாம் சொல்வதைத் தமிழ் எழுத்தில் எழுதி, எத்தனை தரம் சொன்ன பிறகு நிஜம் என்று பக்கத்தில் கோடு போடுவார். லாரிக்கார மலையாளி போதும் என்கிற அர்த்தத்தில் ‘மதி’ என்றால் மதிதான், ஒரு கோடு. இரான் குடும்பம் ஒன்று வந்தது, மூன்று கோடு. அன்றைக்கு அண்ணன் போட்ட குதியாட்டம்! தொலைந்துபோன தம்பி கிடைத்த மாதிரி அந்தக் குடும்பத்துக்குப் பாயசம் காய்ச்சினார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘வீட்டுக்காரி’ என்று எழுதி ஒரு கோடு போட்டிருக்கும். அக்கா வடுகபட்டிக்காரி. ஒரு தரம்தான் கேட்பார். வேணாம் என்றால் பரிமாறுகிற தட்டு உள்ளே போய்விடும். கெஞ்சினாலும் திரும்பாது.

அண்ணனுக்கு ஒரே ஒரு ஆசை. ஏதாவது ஒரு வெளிநாட்டில், அந்த ஊர்க்காரர் வீட்டிலேயே உட்கார்ந்து வேணாம் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. காலாவதியாக ஒரு வருஷம்தான் மிச்சம். அதை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த டச்சு டீச்சரம்மா வந்தார். மதுரைக்குப் போகிற வழி. இரண்டாவது தோசைக்கு ஒரே ஒரு தரம் வேண்டாம் என்றார். வெள்ளைக்காரரின் ரசப் பாடம் மறக்காத அண்ணன் சரியென்று நகர்ந்துவிட்டார். அந்தம்மா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்தியாவில் தான் சொன்ன ‘வேண்டாம்’ நிஜம் என்று முதல் தரமே நம்பிய ஒரே மனிதர் இவர்தான் என்றார். நான் நோட்டைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் இரண்டு மணி நேரம் மெஸ்ஸில் யாருக்கும் சாம்பார் வரவில்லை. அண்ணன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட, நான் மொழிபெயர்க்க, அந்தம்மா கேட்டுக் கேட்டுச் சிரித்தார், ஒரு பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது சொன்னார்: அவருடைய ஊரில் மொழிப் பைத்தியங்கள் கோடையில் ஒன்றுகூடுவார்களாம். அண்ணன் நோட்டோடு வந்து பேச வேண்டும். டிக்கெட் அவர்கள் பொறுப்பு. தங்குவது அந்தம்மா வீட்டில்.

அண்ணன் துண்டால் கையைத் துடைத்தார். தரையைப் பார்த்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“எதுக்கும்மா சிரமம். வேணாம்மா.”

நான் ஒரு முட்டாள், அப்படியே மொழிபெயர்த்தேன். அந்தம்மா புரிகிறது என்று தலையாட்டி, கைகொடுத்து, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அண்ணன் துண்டோடு நின்றுகொண்டே இருந்தார். அவர் எதற்காக நிற்கிறார் என்று எனக்குச் சட்டென்று உறைத்தது.

“ரெண்டாந்தரம் கேக்கவே இல்லையே சார்” என்றார்.

அக்கா தோசைக் கரண்டியோடு வெளியே வந்தார். “ஏன்யா, அவுக ஊருக்கு நோட்டுல எத்தன கோடு போட்டிருக்க?”

“இப்பத்தான் போட்டேன். ஒண்ணு.”

“அப்புறம் எந்தப் புத்தியில வேணாம்னு சொன்ன?”

“நான் நம்மூருக்காரந்தானடி” என்றார் பாவம், அழுகிற குரலில்.

அடுத்த நிமிஷம் அண்ணன் என் பைக்கின் பின்னால், நோட்டு அவர் கக்கத்தில். வழியில் கூடலூரை எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது. குறுக்கே வந்த ஒரு மாடு எங்களைப் பார்த்துத் தானாக ஒதுங்கியது. அந்த பஸ் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிற்கும்; அதுதான் ஒரே நம்பிக்கை.

நின்றிருந்தது. ஜன்னலெல்லாம் திராட்சை விற்பவர்கள். அவர்களை இடித்துக்கொண்டு அண்ணன் ஓடினார். புதிதாக ஒருவன் வியாபாரத்துக்கு வந்துவிட்டான் என்று ஒரு திராட்சைக்காரி திட்டினார். நான் இங்கிலீஷில் விளக்க வாயைத் திறந்தேன். அண்ணன் கையமர்த்திவிட்டு நோட்டை விரித்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். டச்சுப் பக்கம், ஒரு கோடு. அதைக் காட்டி அந்தம்மாவைக் காட்டினார். நம்ம ஊர்ப் பக்கம், மூன்று கோடு. தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு, நீங்கள் கேட்டது ஒரு தரம்தான் என்பதுபோல ஒற்றை விரலை நீட்டினார்.

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். உடனே தலையை வெளியே நீட்டி, வருகிறீர்களா என்று மறுபடி கேட்டார்.

“எதுக்கும்மா வீண் செலவு. வேணாம்” என்றார் அண்ணன்.

அவரை அங்கேயே கடித்திருப்பேன். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார். நகர்கிற பஸ்ஸிலிருந்து அந்தம்மா மூன்று விரலைக் காட்டி மூன்றாம் தரமாகக் கேட்டார். அண்ணன் கூடவே ஓடிக்கொண்டு, “சரிம்மா, வாரேன்” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

விசா வந்தது. போன வாரம் விமானம் ஏறிவிட்டார். மூன்றாம் நாள் வீடியோவில் கூப்பிட்டார், கன்னமெல்லாம் ஒட்டிப்போய்.

“காலையில ரொட்டி வேணுமான்னாக. வேணாம்னேன். எடுத்து வச்சிட்டாக சார். பசி தாங்கல. நோட்டுல எழுதுனது நூத்துக்கு நூறு சரி.”

பசியோடு அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. முதல் தரமே சரி என்று சொல்லித் தொலையுங்கள் என்றேன். வாய் வரமாட்டேங்குதே என்றார்.

நேற்று மெஸ்ஸுக்குப் போனேன். அக்கா இலையில் இரண்டு தோசை வைத்தார். இன்னொன்று வேணுமா என்று கேட்டார். பழக்கதோஷத்தில் வேணாம்க்கா என்றேன். தட்டு உள்ளே போய்விட்டது.

இலையை மடிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சீக்கிரம் வாங்கண்ணே, இங்கன ரெண்டாந்தரம் கேக்க ஆளில்ல.