எச்சில் படாத வேங்கடசுப்ரமணியன்

ஊருக்குள் ஒரு காய்ச்சல் கால்வைத்தால் போதும், ஜாக்கிரதைக்காரர் என்ற இனம் தலையெடுத்துவிடும். அடையாளம் சொல்கிறேன்: மூக்கருகே நீலகிரித் தைலம் தெளித்த கைக்குட்டை, கண்ணில் சந்தேகம்.

1968இல் ஹாங்காங் ஃப்ளூ பம்பாய்க்கு வந்தபோது, மாதுங்காவில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு இரண்டுமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இந்த இனத்தின் முழு லட்சணங்களோடு குடியிருந்தவர் வேங்கடசுப்ரமணியன். அவருக்குக் காரணமும் இருந்தது, பாவம். அடுத்த வாரம் பெண்ணுக்குக் கல்யாணம். சீர் பட்சணம் செய்யக் கட்டடத்து மாமிகள் ஐந்து பேரும் கைகொடுப்பதாக ஏற்பாடு. அவர்கள் படுத்துவிட்டால் சம்பந்தி வீட்டாரிடம் மானம் போய்விடும்.

ஆகவே மின்சார ரயிலில் கைப்பிடியைத் தொட மாட்டார். தொடாததால் தாதரிலும் பரேலிலும் யார்மீதாவது போய் விழுவார். ஆபீஸ் கதவை முழங்கையால் தள்ளுவார், காபியை அண்ணாந்து ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வார், வீட்டுக்கு வந்ததும் கை கழுவுவார், கழுவிய கையால் குழாயை மூடியதற்காக மறுபடி கழுவுவார். தொட்டால்தானே வரும்?

தமக்கே தொண்டை கமறி மூக்கு ஒழுகியபோது மட்டும் அவர் பதறவில்லை. ஃப்ளூ என்பது பிறருக்கு வருவது. “எனக்கு வெறும் ஜலதோஷம்டி. நான் யாரையாவது தொட்டேனா?” என்று மனைவி அபயாம்பாளிடம் கேட்டுவிட்டு, ஞாயிறன்று தமிழ் வாரப் பத்திரிகையோடு சாய்ந்தார். ஆறு வீட்டுக்கும் சேர்த்து வாங்கும் ஒரே பிரதி. கட்டடத்துச் சங்கத்தின் காரியதரிசி என்பதால் முதல் வாசிப்பு அவருடையது. பிறகு வீட்டுக்கு ஒரு நாளாக அது மாடியேறும். கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, விளம்பரம்கூட விடாமல் புரட்டி முடித்துக் கொடுத்தனுப்பினார்.

செவ்வாயன்று எதிர்வீட்டு மாமி படுத்தாள். புதனன்று முதல் மாடி இடப்புறம், வியாழனன்று வலப்புறம். சனிக்குள் ஐந்து மாமிகளும் அவர்கள் வீட்டு ஆண்களும் கம்பளிக்குள். வேங்கடசுப்ரமணியன் பால்கார பையாவைச் சந்தேகித்தார். தாராவியிலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் பூமாரியை வாசலோடு நிறுத்தினார். அவளோ ஒரு தும்மல்கூடத் தும்மியதில்லை.

சுற்றுப் போன பத்திரிகை அன்று மாலை திரும்பி வந்தது. அபயாம்பாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏன்னா, பூமாரியை எதுக்கு விரட்டினேள்? இது எந்த வரிசையில போச்சோ, அதே வரிசையிலன்னா எல்லாரும் படுத்திருக்கா.”

அவர் வாங்கிப் பார்த்தார். பக்க ஓரமெல்லாம் நனைந்து காய்ந்து உப்பியிருந்தது.

“யாருடி இப்படி எச்சில் பண்ணி வச்சது?” என்று கட்டைவிரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கல்யாணம் நடந்தது, கடை முறுக்கோடு. சம்பந்தியம்மாள் அதைக் கடித்துவிட்டுச் சொன்னதை அபயாம்பாள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கட்டடத்திலேயே ஃப்ளூ அண்டாத ஒரே ஆண்பிள்ளை தாம்தான் என்று அவர் மட்டும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைத் திருப்பினீர்களே, அந்த விரல் அதற்கு முன்னால் எங்கே இருந்தது?