ரெண்டு கோடு வந்த பீர்

இந்தச் சனிக்கிழமை என் பீரை நான் மட்டும்தான் குடிப்பேன் என்று முடிவு செய்தேன். ஆறு வருஷம் யோசித்து எடுத்த முடிவு. அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கு வேலை பீர் ஆலையில். இதைக் கேட்டதும் எல்லோரும் ஒரு மாதிரி பொறாமையோடு பார்க்கிறார்கள். நான் நிற்பது ஆலை வாசலில். பார்லி லாரிமேல் ஏறி, ஆள் உயரக் குழாயைப் பத்து இடத்தில் குத்தி, தானியத்தை எடுத்து, பூசண விஷம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து இடம் எதற்கு என்றால், பூசணம் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், மற்ற ஒன்பது இடமும் யோக்கியமாக இருக்கும். ஒரு நாளைக்குப் பதினாலு லாரி. மூக்கில், காதில், மதியச் சாப்பாட்டில் எல்லாம் பார்லித் தூசி. பீர் என் கண்ணில் படுவது வெள்ளிக்கிழமை, ஆலை தரும் இரண்டு பாட்டிலாகத்தான்.

அந்த இரண்டு பாட்டிலை நினைத்துத்தான் வாரம் பூரா அந்த லாரிகளில் ஏறி இறங்குகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அதைக் குடிப்பது என் மச்சினன்.

மனைவியின் தம்பி. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். பேச்சு ஒரு தடவை மேலே ஏறினால் இறங்காது. பேசிக்கொண்டே ஒன்றரை பாட்டிலை முடிப்பான். எனக்கு நுரை.

அன்றைக்கும் வந்தான், ஊற்றினான், தூக்கினான்.

"அத்தான், நீங்க எடுத்துக்கலையா?"

"இந்த வாரம் வேண்டாம்னு பாக்கறேன் மாப்ளே."

"ஏன்?"

"மழையில நனைஞ்ச பார்லி ஒரு லாரி உள்ள போயிடுச்சோன்னு சந்தேகம். பூசணம்."

"அவ்ளோதானே? கொதிக்க வெச்சா செத்துடும்."

"பூசணம் சாகும். அது விட்டுட்டுப் போற விஷம் போகாது. கொதிச்சாலும் தாங்கும், ஈஸ்ட் போட்டாலும் தாங்கும். கடைசியில பாட்டிலுக்குள்ள வந்து உக்காந்துக்கும்."

"உக்காந்தா?"

"நிறைய இருந்தா வாந்தி, வயித்துவலி. கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல உள்ள போனா கிட்னி, கல்லீரல்னு ஒவ்வொரு கதவா தட்டும்."

லாரி ஒன்றுதான் பொய். மற்றதெல்லாம் நான் தினமும் பயப்படுகிற விஷயம். மச்சினன் கிளாஸைக் கீழே வைத்தான். அவனுக்குத் திடீரென்று எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுபோன ஞாபகம் வந்து, கிளம்பிவிட்டான்.

நான் பாட்டிலைத் தொட்டேன். சமையலறை வாசலில் மனைவி நின்றாள்.

"என்னங்க, அது விஷம்னீங்க?"

"அவன்கிட்ட சும்மா சொன்னேன்."

"எது சும்மா? பூசணமா, கல்லீரலா?"

"லாரி மட்டும். மீதி நிஜம்."

"அப்போ இந்தப் பாட்டில்ல இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"அதான் நான் சோதிக்கிறேனே."

"நீங்க சோதிச்சது லாரியை. பாட்டிலை இல்ல. ஒரு மூலையில ஒளிஞ்சிருக்கும்னு தினம் என்கிட்ட சொல்றது யாரு?"

தவளை தன் வாயால் கெடும். நான் இருபது வருஷமாகத் தினமும் சாயங்காலம் கெட்டிருக்கிறேன். அந்த இரண்டு பாட்டிலும் அன்றே குப்பைக்குப் போயின. இனி சோதிக்காத பீர் வீட்டில் கிடையாது என்று தீர்ப்பு வந்தது.

சோதித்தால் போச்சு. அடுத்த சனிக்கிழமை ஆலைப் பரிசோதனைக் கூடத்து அம்மாவிடம் கேட்டு, விஷம் இருக்கிறதா என்று காட்டும் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கி வந்தேன். துளி பீரைத் தண்ணீரில் கலந்து, ஸ்ட்ரிப்பை நனைத்து, மனைவிக்குப் பாடம் எடுத்தேன். ஒரு கோடு வந்தால் விஷம், ரெண்டு கோடு வந்தால் சுத்தம். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"பாத்தியா? ரெண்டு கோடு."

"நல்லதுங்க. ஆலையில சோதிச்சு முடிச்சதை என்ன பண்ணுவீங்க?"

"கொட்டிடுவோம். சோதனைக்குத் திறந்ததை யாரும் வாயில வைக்கக் கூடாது. அதான் விதி," என்றேன் பெருமையாக.

சிங்க்கில் பீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"இன்னொரு பாட்டில் இருக்கே, அதுவும் இதே மாதிரிதானா? மாறாதா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை விஷயத்தில் எனக்குப் பொய் வராது. "மாறலாம்," என்றேன். சோதித்தோம். ரெண்டு கோடு. சிங்க்.

சோதிக்காததைக் குடிக்கக் கூடாது. சோதித்ததையும் குடிக்கக் கூடாது. லாரிக்காரர்கள் என்னைப் பார்த்து ஏன் பெருமூச்சு விடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

புதன்கிழமை சரணடைந்தேன். "இன்னும் எத்தனை வாரம் இப்படி?"

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "மத்த அஞ்சு நாளும் நீங்க வந்ததும் பூசணக் கதை சொல்லிட்டே சாஞ்சு தூங்கிடறீங்க. ஞாயித்துக்கிழமை பூரா தூக்கம். அந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரம்தான் அவன் வந்து என்னைச் சிரிக்க வெப்பான். அதையும் துரத்தி விட்டுட்டீங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆறு வருஷமும் நான் கிளாஸைத்தான் பார்த்திருக்கிறேன், அவள் சிரித்ததைப் பார்க்கவில்லை. உடனே மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ளே, அந்த லாரி பொய். சனிக்கிழமை வந்துடு."

"தெரியும் அத்தான். அக்கா அன்னைக்கே சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் வரலை?"

"நீங்களா கூப்பிடற வரைக்கும் வரக் கூடாதுன்னு அவதான் சொன்னா."

சனிக்கிழமை கடைசி லாரி தாமதம். வீட்டு மாடிப்படி ஏறும்போதே அவள் சிரிப்பு கேட்டது. களைத்த காலுக்கு அது கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. உள்ளே என் நாற்காலியில் மச்சினன். அவன் முன்னால் அவனே வாங்கி வந்த, வேறு ஏதோ ஆலையின் இரண்டு பாட்டில், இரண்டும் காலி. போகட்டும், என் பங்கு இருக்கிறதே என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். நேற்று வைத்த இடம் காலி. பக்கத்தில் ஸ்ட்ரிப் டப்பா.

"என் பாட்டில் எங்கே?"

"களைச்சுப் போய் வருவீங்கன்னு நானே சோதிச்சுட்டேங்க," என்றாள் மனைவி. "ரெண்டுலயும் பளிச்னு ரெண்டு கோடு. அருமையான பீர். கொட்டிட்டேன்."