குண்டூருக்குக் கேட்கவில்லை

எருமை மறுபடியும் எர்த் கம்பியை இழுத்துச் சாய்த்திருந்தது. சவரி அதை நிமிர்த்தி மண்ணை மிதித்து இறுக்கப் பார்த்தான். கால் கணுக்கால் வரை சேற்றில் புதைந்தது.

"இசபெல்லா, எத்தனை தரம் சொல்றது? இது எருமை கட்டுற முளை இல்ல. ரேடியோவுக்கு எர்த்து."

"நல்லா ஆழமா எறக்கி வச்சிருக்கீங்க, எவ்வளவு இழுத்தாலும் புடுங்கிக்கல. மேல வேப்பமர நெழல் வேற. எருமைக்கு எடம் புடிச்சுப் போச்சு."

"எனக்குப் புடிக்கலியே."

"நீங்களா பால் குடுக்குறீங்க?"

சவரி பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதல் பூசைக்கு முன்னால், டெல்லியிலிருந்து வந்த அமெச்சூர் ரேடியோ லைசென்ஸைச் சுவரில் மாட்டிய அறையில் உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவுக்குள் தானே கட்டிய செட்டில் தந்தி அடிப்பான். அதன் சக்தி ஒரு சைக்கிள் விளக்குக்குக் காணாது. தென்னைக்கும் மூங்கிலுக்கும் நடுவே கட்டிய கம்பியும், மண்ணில் இறக்கிய எர்த்தும்தான் அதற்குக் கை கால்.

இத்தனை சின்னச் சத்தத்துக்கும் பதில் சொல்ல குண்டூரில் ஒரு டாக்டர் இருந்தார். ஊரில் சவரியை "ஏய் மோட்டாரு" என்பார்கள். டாக்டர் "மிஸ்டர் சவரி" என்பார். விரலில் கிரீஸ் இருப்பது தந்திச் சத்தத்தில் தெரியாது. அந்த ஒரு மரியாதைக்காகத்தான் அவன் வாரம் முழுக்க ஞாயிறைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன ஞாயிறு எருமை எர்த் கம்பியை இழுத்த இழுப்பில் சத்தம் கரகரத்தது. எனவே எருமையை அவிழ்த்துப் புழக்கடைப் புளியமரத்தில் கட்டினான்.

"அது அங்க நிக்காது பாருங்க," என்றாள் இசபெல்லா.

"நிக்கும்."

எருமை நின்றது. பால்தான் குறைந்தது. கறக்க வருகிற மாது பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கோவத்துல இருக்குதுக்கா. மடிய இறுக்கிக்குது," என்றான்.

அடுத்து வந்த ஞாயிறு குண்டூர் டாக்டர், "இன்று சத்தம் கொஞ்சம் குறைவு" என்றார். சவரிக்குப் புரியவில்லை. தொந்தரவு போய்விட்டது, சத்தம் கூடத்தானே வேண்டும்?

மூங்கில் குட்டை என்று முடிவு செய்தான். மாதுவைத் துணைக்கு வைத்துக்கொண்டு இன்னொரு மூங்கிலை அதன் தலையில் சேர்த்துக் கட்டினான். கம்பி காகம் உட்காரக் கூசும் உயரத்துக்குப் போனது.

அடுத்த ஞாயிறு டாக்டர், "யார் அழைப்பது? தெளிவாக இல்லை" என்றார்.

சவரி அன்றைக்குப் பூசையில் முட்டி போட்டதோடு சரி, ஒன்றும் காதில் விழவில்லை. எர்த் கம்பியைச் சுற்றிய சேறுதான் துருப்பிடிக்க வைக்கிறது என்று பட்டது. வீட்டுக்கு வந்து மண்வெட்டியெடுத்து அந்தச் சேற்றையெல்லாம் வாரிக் குப்பைக்குழியில் கொட்டினான். கம்பியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்துத் திரும்ப அடித்து இறக்கி, சுற்றிலும் காய்ந்த ஆற்றுமணல் நிரப்பினான். கோயில் வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது.

மறு ஞாயிறு அவன் அடித்ததற்குப் பதிலே இல்லை. ஆனால் டாக்டர் அவனைத் தேடிக்கொண்டிருந்தது மட்டும் காதில் கேட்டது. "மிஸ்டர் சவரி வரவில்லை. காய்ச்சலா? கஞ்சி குடியுங்கள். ஓய்வெடுங்கள்."

"நான் இங்கதான்யா இருக்கேன்," என்று செட்டைப் பார்த்துத் தமிழில் சொன்னான் சவரி.

இசபெல்லா வாசலில் நின்றாள். "யாரோட பேசுறீங்க?"

"யாரோடயும் இல்ல."

"அதத்தான் நானும் பாக்குறேன். எருமையும் கறக்கல, உங்க டப்பாவும் கத்தல. எந்தம்பி மாட்டுக்கொட்டாய் போடுறான், மூங்கில் கேட்டான். அடுத்த ஞாயித்துக்கெழமை வரச் சொல்லியிருக்கேன். அன்னிக்கும் கேக்கலன்னா ரெண்டு மூங்கிலும் அவனுக்கு."

சவரி செட்டைப் பிரித்துத் திரும்பப் பூட்டினான். ஒரு திருகாணி மிச்சமிருந்தது. எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கடையில் வேலை ஓடவில்லை. அதியமான்கோட்டை சென்றாயன் மோட்டாரோடு வந்து நின்றான்.

"தொட்டா ஷாக் அடிக்குது சவரி."

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துறியா?"

"மழையே இல்ல. குடிக்கவே தண்ணி இல்ல, இதுல குழிக்கு வேறயா?"

"உப்பப் போட்டுத் தண்ணி ஊத்துய்யா. காஞ்ச மண்ணுல கரண்டு எறங்காது. எத்தன தரம் சொல்றது உங்களுக்கெல்லாம்?" என்று எரிந்து விழுந்தான். சொல்லும்போது கூட அவன் மனசு குண்டூரில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இசபெல்லா அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். வெள்ளிக்கிழமை பால் கூடியது.

"அந்தோனியார் காணாமப் போனதக் கண்டுபுடிச்சுக் குடுத்துட்டாரு," என்றாள்.

"எனக்கும் சேத்தா ஏத்துன?"

"ஒரு வத்திதான். ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்க."

ஞாயிறு விடிந்தது. மைத்துனன் அல்போன்ஸ் கடப்பாரையோடு வந்து மூங்கிலடியில் குந்தினான்.

"மாமா, தோண்டட்டுமா?"

"இருய்யா. உசிரு போவட்டும், அப்புறம் குழி தோண்டு."

சவரி காதில் ஹெட்போனை மாட்டி, தந்திக் கட்டையில் விரலை வைத்தான். அழைத்தான். இசபெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை அழைத்தான்.

பதில் காதைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"மிஸ்டர் சவரி, காய்ச்சல் விட்டதா? அடுத்த அறையிலிருந்து பேசுவது போல இருக்கிறது. உங்கள் சத்தம் இவ்வளவு பலமாகக் கேட்டதே இல்லை. என்ன செய்தீர்கள்?"

சவரி விரலைக் கட்டையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான். மூங்கிலா? மூங்கில் மூன்று வாரமாக அதே உயரம். மணலா? மணலுக்கப்புறம்தான் செத்தது. திருகாணியா? பைக்குள் கிடக்கிறது.

"என்னவாங்க கேக்குறாரு?" என்றாள் இசபெல்லா.

"என்ன செஞ்சேன்னு கேக்குறாரு."

"அந்தோனியார்னு சொல்லுங்க."

அதை எப்படி டாக்டருக்குத் தந்தியடிப்பது? சவரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "எர்த் அமைப்பில் புதிய முறை. என் சொந்த யோசனை," என்று அடித்தான்.

"அற்புதம். படம் வரைந்து உடனே அனுப்புங்கள். எங்கள் ரேடியோ சங்கப் பத்திரிகையில் உங்கள் பெயரோடு போடுகிறேன்."

சவரி ஹெட்போனைக் கழற்றினான். முகம் முழுக்கப் பல்லாக இருந்தது. "பத்திரிகையில போடுறாராம். என் பேரு."

அல்போன்ஸ் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்தான். இசபெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்போது மாது பால் பாத்திரத்தோடு ஜன்னலோரம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ண்ணா, கோவிச்சுக்காதீங்க. பால் எறங்கணும்னு வியாழக்கெழமையிலேர்ந்து பொழுது சாஞ்சா யாருக்கும் தெரியாம எருமையப் பழைய எடத்துல கட்டி, விடியறதுக்குள்ள அவுத்துட்டுப் போயிட்டிருந்தேன். இன்னிக்கு அவுக்க நேரமாயிடுச்சு, உங்க கம்பியச் சுத்தி மணலெல்லாம் மூத்திரமா ஊறிக் கெடக்குது, வாரிக் கொட்டிட்டுக் காஞ்ச மணல் போட்டுடட்டுங்களா?"